பட்டம் முடித்த பிள்ளைக்கு ஐந்து வருடம் கொடுங்கள்

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

உங்களில் பலருக்கு நான் இரசாயனவியல் படிப்பித்த ரீச்சர். அளவியும் குழாயியும் இல்லாமல் நியமிப்புப் பரிசோதனையைக் கரும்பலகையில் படம் கீறியே சொல்லித் தந்தவள். இடம்பெயர்ந்த காலங்களில் மரத்தடியில் இருத்தி ஆவர்த்தன அட்டவணையைப் பாடமாக்க வைத்தவள். அந்த வகுப்புகளில் இருந்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் இருந்துகொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவோ செய்கிறீர்கள். வகுப்பறைக் கட்டடம், கணினி அறை, சைக்கிள், காலைச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள் நான். அதற்கு நன்றி சொல்லி முடியாது. ஆனால் இந்த மடலை எழுதுவது வேறொரு வேண்டுகோளுக்காக.

பார்கின்சன் நோயை ஆராயக்கூடிய இளம் விஞ்ஞானி ஒருவருக்கு, அவர் இன்னொருவரின் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்து சொந்தக் கேள்வியோடு நிற்கத் தொடங்கும் முதல் ஐந்து வருடங்களுக்கு, நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து பணம் கொடுக்க வேண்டும். அந்த ஆராய்ச்சி வன்னியில் நடக்க வேண்டும்.

ஏன் இந்த நோய் என்று கேட்பீர்கள். என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் கணவர் வட்டக்கச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்த கமக்காரர். இப்போது எழுபத்து நான்கு வயது. வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லி எட்டு வருடம் ஆகிறது. ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே அது வீட்டுக்குள் வந்துவிட்டதை இப்போதுதான் கோத்துப் பார்க்கிறேன். முதலில் மணம் தெரியாமல் போனது. கறி அடிப்பிடித்து வீடு முழுக்கப் புகை நாறியபோது, அடுப்படி வாசலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையெழுத்துச் சிறுத்தது. கமக்காரர் அமைப்பின் கணக்குக் கொப்பி எழுதியவர் அவர். பக்கத்தின் மேலே வழக்கமான எழுத்தாகத் தொடங்கி, கீழே வர வர வாசிக்க முடியாத அளவுக்குப் பொடியாகிவிடும். நடக்கும்போது இடது கை வீசுவது நின்றது. ஓரிடத்தில் வாதம் என்றார்கள், இன்னோரிடத்தில் வயது என்றார்கள். கடைசியில் விடிய முதல் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்த்தான் சரியான பெயரைக் கேட்டோம்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது ஒன்று இருக்கிறது. அவர் நித்திரையில் கத்துவார். காலை உதறுவார். ஒரு இரவு சுவரில் குத்திக் கைமுட்டி வீங்கிப்போனது. போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியில் நித்திரையில் கத்தாத ஆள் இருக்கிற வீடு எத்தனை? பட்டதெல்லாம் கனவில் வருகிறது என்று நானும் நினைத்தேன், அக்கம்பக்கமும் நினைத்தது. எழுப்பித் தண்ணீர் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசிப் படுக்க வைப்பேன். கனவைக் கையாலும் காலாலும் நடித்துவிடும் இந்தக் கோளாறு பார்கின்சனின் மிக முந்திய அறிகுறிகளில் ஒன்று என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். கனவு காணும் நேரத்தில் உடம்பு அசையாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று மூளைத்தண்டில் இருக்கிறது. அது பழுதானால் இப்படி வரும். இந்த நித்திரைக் கோளாறு மட்டும் உள்ளவர்களைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 12 ஆண்டுகளுக்குள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பார்கின்சனோ அதன் இனத்து நோயோ வந்ததாகக் கணக்கிட்டார்கள்.

அப்படியென்றால் எங்கள் ஊரில் எது போரின் கனவு, எது நோயின் கனவு? எப்படிப் பிரித்தறிவது? போருக்குப் போய்த் திரும்பிய அமெரிக்கப் படையினரிடம் இதையொத்த கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். போர் தன் முற்றத்துக்கே வந்து குடியிருந்த சனத்திடம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கிய தாய்மாரிடம், அதைக் கேட்கவேண்டிய விதமே வேறு. அதற்கு இந்த ஊரின் பேச்சும் மௌனமும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

நோயைப் பற்றி இரசாயனவியல் ரீச்சருக்குத் தெரிந்த அளவில் கொஞ்சம் சொல்கிறேன். 1817இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் இதை விவரித்து எழுதினார். மூளையின் நடுப்பகுதியில் கருநிறமான சின்ன இடம் ஒன்றில், உடம்பை அசைக்க மூளைக்கு வேண்டிய டோபமீன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. அவை மெல்ல மெல்லச் சாகின்றன. நடுக்கம் வெளியில் தெரியும்போது பாதியளவு ஏற்கெனவே போய்விட்டிருக்கும். மூளைக்குள் டோபமீனாக மாறும் லெவோடோபா என்ற மருந்து 1960களில் பாவனைக்கு வந்தது. இன்றும் அதுதான் முதல் மருந்து. அது இல்லாமல் என் கணவரால் காலையில் கட்டிலை விட்டு எழும்ப முடியாது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு குளிசையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடித்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும். ஆனால் அந்தக் குளிசை அறிகுறியைத்தான் தணிக்கிறது. கலங்கள் சாவதை நிறுத்துவதாக நிரூபணமான மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை. 2019இல் உலகத்தில் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்த நோயோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கால் நூற்றாண்டுக்குள் அந்தத் தொகை இரட்டிப்பாகியிருக்கிறது.

இன்னொரு செய்தி. வகுப்பில் சொல்ல எனக்குக் கிடைக்காமல் போன செய்தி இது. எங்கள் பற்றைகளில் பூனைக்காலிக் கொடி படர்ந்து கிடக்கும், தொட்டால் சொறியும் என்று ஒதுங்கிப் போவோம். அதன் வித்தில் லெவோடோபா இருக்கிறது. அதை அந்த வித்திலிருந்து பிரித்தெடுத்து 1937இல் கட்டுரையாக எழுதியவர்கள் சென்னையில் வேலை செய்த தாமோதரனும் இராமசாமியும். வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது அது. அந்தச் சேர்வை இந்த நோய்க்கு மருந்தாக நிலைபெற அதற்குப் பிறகு முப்பது வருடம் சென்றது, அதுவும் வேறு தேசங்களில். (யாரும் வித்தைப் பொடித்துத் தாமாகச் சாப்பிட வேண்டாம். அளவு தவறினால் ஆபத்து.) சென்னையில் அன்று கையில் பொருள் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்க, மூளையில் டோபமீன் என்ன செய்கிறது என்ற அறிவு அப்போது உலகத்திலேயே இல்லை. இன்று அறிவு இருக்கிறது. கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகளும் எங்களிடம் இருக்கிறார்கள்.

சரி, வயலுக்கு வருகிறேன். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், கலப்படமான போதைப்பொருளை ஊசியில் ஏற்றிய சில இளைஞர்கள் திடீரென்று பார்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். காரணம் எம்பிடிபி என்ற சேர்வை. அது மூளைக்குள் மாறி உண்டாகும் நஞ்சின் கட்டமைப்பு, பராகுவாட் என்ற களைநாசினியின் கட்டமைப்பை ஒத்திருந்தது. கட்டமைப்பு ஒத்திருந்தால் வேலையும் ஒத்திருக்கும் என்று எழுதினால் நான் புள்ளி போடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சந்தேகம் வருவது நியாயம். அமெரிக்கக் கமக்காரர்களையும் மருந்தடிப்பவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. பராகுவாட் பாவித்தவர்களிடம் பார்கின்சன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு காணப்பட்டது. 2012இல் பிரான்ஸ், பூச்சிகொல்லியோடு வேலை செய்த கமத்தொழிலாளருக்கு வரும் பார்கின்சனைத் தொழில்சார் நோயாகவே சட்டத்தில் ஏற்றுக்கொண்டது.

இலங்கையில் பராகுவாட் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதைக் குடித்து உயிர் மாய்த்தவர்கள் ஏராளம் என்பதால் வந்த தடை அது. ஆனால் அதற்கு முந்தைய காலத்தில் தோளில் மெஷினைக் கொழுவிக்கொண்டு, வாயையும் மூக்கையும் மறைக்காமல், வரம்பில் வெறுங்காலோடு நடந்து மருந்தடித்த ஆண்களில் பலர் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டி இருக்கிறார்கள். பார்கின்சன் வெளியே தெரியும் வயது இதுதான். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. இன்னும் பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் கேட்க முடியாது.

கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை மருந்தடித்தீர்கள்?" என்று படிவத்தை நீட்டினால் எங்கள் ஐயாமார் சும்மா ஓர் ஆண்டைச் சொல்லிவிட்டுப் போவார்கள். "கிளிநொச்சி இடப்பெயர்வுக்கு முன்னமா பின்னமா?", "உரம் வராமல் கிடந்த காலத்தில் என்ன செய்தீர்கள்?", "ஜெயசிக்குறு படைநடவடிக்கை நேரம் எங்கே வயல் செய்தீர்கள்?" என்று கேட்டால் போகம் போகமாகச் சொல்வார்கள். காலபோகம், சிறுபோகம், யாருடைய காணி, எந்தக் கடையில் மருந்து வாங்கியது, எல்லாம் வரும். எங்கள் சனத்தின் நாட்காட்டி இடப்பெயர்வுகளால் எழுதப்பட்டது. பொருளாதாரத் தடையால் உரம் முதலானவை வன்னிக்குள் வராமல் இருந்த வருடங்களும் உண்டு. ஆகவே நஞ்சு பட்ட காலமும் படாத காலமும் மாறி மாறி வருகிற, வேறு எங்கும் காணக் கிடைக்காத ஒரு வரலாறு இவர்களின் உடம்பில் இருக்கிறது. அதை வாசிக்க வேண்டும்.

வாசிக்கக்கூடிய ஒருத்தியை எனக்குத் தெரியும். பெயர் சொல்லப்போவதில்லை, அவளுக்கு அது பிடிக்காது. 2009இல் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்து உயர்தரம் எழுதியவள். பிறகு பல்கலைக்கழகம், பிறகு ஐரோப்பாவில் கலாநிதிப் பட்டம். பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் திரண்டு கிடக்கும் அல்பா-சினுக்ளின் என்ற புரதத்தைத்தான் படித்தாள். 1997இல்தான் அந்தப் புரதத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது, அவள் சின்ன வகுப்பில் படித்த காலம். இப்போது ஒரு பேராசிரியரின் கீழ் வேலை செய்கிறாள். அவருடைய கேள்வி, அவருடைய பணம், அவருடைய எலிகள். நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறாள். ஆனால் அவள் கேட்க விரும்புவது நான் மேலே எழுதிய கேள்விகளை.

ஊருக்கு வரப் பார்த்தாள். ஓரிடத்தில் விண்ணப்பித்தபோது, நிரந்தர நியமனம் உள்ளவருக்குத்தான் ஆராய்ச்சிப் பணம் தரலாம் என்றார்கள். நியமனத்துக்குப் போன இடத்தில், சொந்தமாக ஆராய்ச்சிப் பணம் கொண்டுவந்து காட்டியவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தால் வாரம் முழுக்க வகுப்பும் விடைத்தாளும். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. அதற்குள் ஒரு புதிய ஆள், புதிய கேள்வி, அதுவும் கிளிநொச்சியில் என்றால் எங்கே இடம்?

நீங்கள் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள், இப்படிச் சொன்னால் விளங்கும். அவள் வேலை எல்லாம் பழகிவிட்டாள். உழ, விதைக்க, தண்ணீர் கட்ட, எல்லாம் தெரியும். ஆனால் இன்றுவரை செய்தது பிறர் காணியில். இனித் தன் காணியில் இறங்க வேண்டும். முதல் போகத்துக்கு விதைநெல்லும், அறுவடை வரைக்கும் வீட்டுச் சாப்பாட்டுச் செலவும் யார் கொடுப்பது?

வேறு நாடுகள் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டு பாலம் போட்டிருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2006இல் ஒரு திட்டம் தொடங்கின. முதல் ஒன்றிரண்டு வருடம் மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலில், அடுத்த மூன்று வருடம்வரை சொந்த ஆய்வுகூடத்தில். பணம் ஆளோடு போகும். ஐரோப்பாவில், கலாநிதிப் பட்டம் பெற்றுச் சில வருடங்களே ஆனவர்களுக்கென்று ஐந்தாண்டு மானியம் இருக்கிறது, 15 இலட்சம் யூரோ வரை. இந்தியாவில் 2008 முதல் இந்தியா அலையன்ஸ் என்ற அமைப்பு இளம் ஆராய்ச்சியாளருக்கு ஐந்தாண்டு உதவி கொடுத்து வந்தது. பார்கின்சனுக்கென்றே அமெரிக்காவில் இயங்கும் பார்கின்சன் பவுண்டேசன், இப்படிச் சொந்தக் காலில் நிற்கப் போகிறவர்களுக்குத் தனி விருதுகள் வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய தொகை உங்களிடம் இல்லை. ஆனால் கிளிநொச்சியில் அவ்வளவு தேவையும் இல்லை. ஒரு மாடிக் கட்டடத்துக்கு நீங்கள் சேர்த்த தொகை ஒருத்தியின் சில வருடச் சம்பளத்துக்கும், மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போகும் உதவியாளர் ஒருவருக்கும், குருதி மாதிரிகளை வைக்க ஆழ்குளிரூட்டி ஒன்றுக்கும், மின்சாரம் நின்றால் அதை ஓட்ட ஒரு ஜெனரேற்றருக்கும் போதும் என்று நினைக்கிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. இருக்க இடம் கேட்கலாம். ஆளுக்குத்தான் வழியில்லை.

சின்ன இடத்திலிருந்து என்ன பெரிதாக வரும் என்று யாராவது உங்கள் கூட்டத்தில் கேட்டால் நைஜீரியாவைச் சொல்லுங்கள். பார்கின்சன் மரபணு ஆராய்ச்சி நெடுங்காலம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரை வைத்தே நடந்தது. நைஜீரிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, தங்கள் சனத்தின் மாதிரிகளை வைத்துத் தேடியபோது, 2023இல் ஜிபிஏ1 என்ற மரபணுவில் ஆபிரிக்க வம்சத்தவரிடம் நோய் வாய்ப்பைக் கூட்டும் ஒரு மாற்றம் வெளிப்பட்டது. ஐரோப்பியரிடம் எத்தனை வருடம் தேடியிருந்தாலும் அது அகப்பட்டிருக்காது. எங்கள் குருதியில் என்ன இருக்கிறது என்று யார் தேடப் போகிறார்கள்?

கொடுப்பதானால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. நான் சொன்னவளுக்கே கொடுங்கள் என்று கேட்கவில்லை. பகிரங்கமாக அறிவித்துப் போட்டி வையுங்கள். அவளை விடக் கெட்டிக்காரர் ஒருவர் மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்தால் அவருக்குக் கொடுங்கள். தெரிவுசெய்பவர்கள் துறை அறிந்த வெளியாட்களாக இருக்கட்டும். சங்கத்துத் தலைவரோ செயலாளரோ அந்த மேசையில் இருக்கக்கூடாது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்ற கேள்வி அங்கே வரவே கூடாது. அது வந்த இடங்களில் நல்ல காரியங்கள் எப்படிப் பாழாகின என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

வயதெல்லை போடாதீர்கள். இதை இரண்டு தடவை வாசியுங்கள். எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டிய வருடங்களைப் பதுங்குகுழியிலும் முகாமிலும் இழந்தவர்கள். முப்பத்தைந்து வயதுக்குள் என்று போட்டால், போர் ஒருமுறை தள்ளிவிட்டவர்களை நீங்கள் இன்னொரு முறை தள்ளிவிடுகிறீர்கள். பட்டம் முடித்த பிறகு எத்தனை வருடம் என்று மட்டும் பாருங்கள். பிள்ளை பெற்றுப் பார்த்த காலத்தை அதிலிருந்து கழித்துவிடுங்கள்.

ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம். இரண்டாம் வருடத்தில் "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்டு வெருட்டக்கூடாது. நோயாளிகளைத் தேடி எண்ணவும், நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறவும், சனம் நம்பிக் கதவைத் திறக்கவுமே முதல் வருடங்கள் போய்விடும். கடைசியில், மருந்தடித்ததற்கும் இந்த நோய்க்கும் இங்கே தொடர்பைக் காணவில்லை என்றுகூட முடிவு வரலாம். ஒழுங்காகச் செய்து அப்படி வந்தால் அதுவும் எங்களுக்கு வேண்டிய பதில்தான். ஒரு சாட்டு இல்லையென்று தெரிந்தால் அடுத்ததைத் தேடலாம். வவுனியாவின் சில பகுதிகளிலும் வடமத்திய மாகாணத்திலும் கமக்காரரின் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்ற கேள்வி 1990களில் எழுந்தது. இன்னும் ஒரே பதிலில் யாரும் வந்து நிற்கவில்லை. அந்த நோயாவது கண்ணில் பட்டது. பார்கின்சனை எங்கள் ஊரில் இன்னும் "வயது போனால் நடுங்கும்தானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயமாக எடுங்கள். ஒரு சங்கத்தால் முடியாவிட்டால் மூன்று சேருங்கள். கனடாச் சங்கம் ஒரு வருடத்தை ஏற்றால் நோர்வேச் சங்கம் இன்னொரு வருடத்தை ஏற்கலாம்.

என்னிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருக்கிறது. நானாகப் போய் இருந்து பேசி எழுதியது. வட்டக்கச்சி, முரசுமோட்டை, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று, கிளினிக் வரிசையிலும் கோயில் வீதியிலும் சந்தித்த, கை நடுங்குகிற ஆட்கள். என் கணவரோடு சேர்த்துப் பதினேழு பேர். எந்த இடப்பெயர்வுக்கு முன் என்ன மருந்தடித்தார்கள், எப்போது மணம் போனது, எப்போது நித்திரையில் கத்தத் தொடங்கினார்கள் என்று அவர்களின் மனைவிமாரைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். இது ஆராய்ச்சி ஆகாது என்பது எனக்குத் தெரியும். முறையான அனுமதியோடு வருகிறவரைத் தவிர யாருக்கும் காட்டவும் மாட்டேன். போன வருடம் எழுதியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. வருகிறவரை அந்த மிச்சப் பதினைந்து வீட்டுக்கும் நானே கூட்டிக்கொண்டு போவேன், படலையில் நின்று கூப்பிடுவேன்.

அன்புடன்,
உங்கள் இரசாயனவியல் ரீச்சர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி